ஊதா நிறம் வெளுக்கும் வரை

முதல் தடவை பார்த்தபோது அதை வேலிக்கல் என்றுதான் அறிவுச்செல்வன் நினைத்தான்.

செல்போன் டவரில் வேலையை முடித்து, ஜெனரேட்டர் அறையைப் பூட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து விளக்கைப் போட்டான். மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத புது விளக்கு. எப்போதும்போல அது முதலில் ஊதாவாகத் துடித்து எழுந்தது. அந்த ஊதாவில் மழையில் நனைந்த புல்லும், கம்பிவேலியும், வேலிக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்களின் அடிமரங்களும் தண்ணீருக்குள் கிடப்பவைபோல மெல்ல ஆடின. வேலி முடிகிற இடத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் தாங்காதவன் செய்வதுபோல, முழங்கையை மடக்கிக் கண்ணுக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். ஊதா நீலமாகி, நீலம் வெளுத்து வெள்ளையானது. அந்த இடத்தில் ஒரு வேலிக்கல் இருந்தது. ஆள் இல்லை.

வேலிக்கல்லுக்குக் கை கிடையாது என்பது பாதி மலை இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தோன்றியது.

கல்வராயன் மலைமேல் இருக்கும் செல்போன் டவர்களைப் பராமரிப்பது அவன் வேலை. கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எலி கடித்த வயரை மாற்ற வேண்டும். வீடு வடக்கனந்தலைத் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். கச்சிராயபாளையம் கடைத்தெருவைக் கடந்து, கோமுகி அணையைச் சுற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்தும் இன்னும் மேலே போகவேண்டும். கார்த்திகை மாதத்தில் வேலை முடித்துக் கீழே திரும்புவதற்குள் இருட்டிவிடும். மழை இல்லாத நாளில் பனிமூட்டம் இருக்கும்.

அவனிடம் இருந்தது இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் கார். அதன் முன்விளக்குகள் எரிகின்றனவா இல்லையா என்று இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். மஞ்சளாக, அழுக்காக, பானட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரம் விழுந்து அங்கேயே படுத்துவிடும் வெளிச்சம் அது. எதிரே வருகிறவர்கள் யாரும் அவனுக்காக விளக்கைத் தாழ்த்துவதில்லை. மரவள்ளி ஏற்றிவரும் லாரியும் சுற்றுலா வேனும் புதுப்புது ஜீப்புகளும் அவன் கண்ணுக்குள் வெள்ளையைக் கொட்டிவிட்டுப் போயின. பள்ளத்தின் ஓரத்தில் பிரேக்கை மிதித்தபடி குருடன்போல நின்று, அவர்கள் போன பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுவான். அந்தத் திட்டு அவர்களுக்குக் கேட்கப் போவதில்லை. அதை நினைக்கும்போதுதான் ஆத்திரம் இன்னும் ஏறும்.

அதனால்தான் ஒருநாள் மதியம் கள்ளக்குறிச்சியில் வயரிங் கடை வைத்திருக்கும் பிரவீன்குமாரிடம் காரைக் கொண்டுபோய் விட்டான். பிரவீன்குமார் முன்விளக்குக் கூட்டைக் கழற்றி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, இது மஞ்ச பல்புக்குன்னே செஞ்ச டூம். இதுல நீங்க கேக்குற வெள்ள செனான் பல்பு போட்டா வெளிச்சம் ஒரு எடத்துல நிக்காது. நாலா பக்கமும் தெறிக்கும். எதிர்ல வர்றவனுக்குக் கண்ணே தெரியாது."

"தெரியாம போவட்டும்."

"வண்டியோட வந்து பாலத்துல மோதிடுவாண்ணா."

"எனக்கு அடிக்கும்போது எவனாவது யோசிச்சானா? நீ மாட்டு."

பிரவீன்குமார் பானட்டைத் திறந்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் இரண்டு வெள்ளிப் பெட்டிகளைத் திருகினான். தடித்த வயர்களை இழுத்து, பழைய பல்பு இருந்த இடத்தில் கண்ணாடிக் குச்சிபோல இருந்த புது பல்பைச் செருகினான். சுவிட்சைப் போட்டதும் பெட்டிகளுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஊளை கிளம்பியது. காதுக்குள் கொசு புகுந்ததுபோன்ற சத்தம். எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னார்.

"போட்டதும் கொஞ்ச நேரம் ஊதாவா இருக்கும்ணா. உள்ள இருக்கிற வாயு சூடானாத்தான் வெள்ளையாவும். லைட்டு ஃபால்ட்டுன்னு நெனச்சிக்கினு எனக்குப் போன் பண்ணாதீங்க."

அன்று சாயங்காலம் மலை இறங்கியபோது அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரோடு முழுதாகத் தெரிந்தது. தார் ரோட்டின் ஒவ்வொரு வெடிப்பும், ஓரத்துப் புல்லின் நுனியில் நின்ற தண்ணீரும், பள்ளத்துக்கு அப்பால் எதிர்மலையில் நின்ற மரங்களும் எலும்புபோல வெளுத்துக் கிடந்தன. எதிரே ஒரு வேன் வந்தது. விளக்கைத் தாழ்த்தும்படி இரண்டு தடவை கண் சிமிட்டிக் கேட்டது. அவன் தாழ்த்தவில்லை. வேனின் கண்ணாடிக்குள் டிரைவர் முகத்தைச் சுளித்து, முழங்கையை மடக்கிக் கண்ணை மறைப்பது பட்டப்பகல்போலத் தெரிந்தது. வேன் ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிட்டது. அறிவுச்செல்வன் வேகத்தைக் குறைக்காமல் கடந்துபோனான். வீடு சேரும்வரை அவன் வாயில் சிரிப்பு இருந்தது.

அவன் மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு அந்த விளக்கு பிடிக்கவில்லை. "ஜன்னல் வழியா வந்து உள்ள அடிக்குது. புள்ள கண்ணு கூசி அழுவுது," என்றாள்.

அதற்கப்புறம்தான் வேலிக்கல்.

அடுத்த தடவை மலை இறங்கும் வழியில், பூமாலை என்கிற பெண்ணின் டீக்கடையில் நின்று கிளம்பியபோது பார்த்தான். கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஓடைக்கு மேல் ஒரு சிறு பாலம். சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டான். ஊதா எழுந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். சட்டை இல்லை. ஒல்லியான உடம்பு முழுக்க ஈரம். இந்தத் தடவை முழங்கை கொஞ்சம் இறங்கியிருந்தது. கைக்குக் கீழே வாய் தெரிந்தது. வாய் இறுக மூடியிருந்தது. அறிவுச்செல்வன் மூச்சை இழுத்து விடுவதற்குள் வெளிச்சம் வெளுத்தது. ஓடையும் சுவரும் மட்டும் இருந்தன.

இறங்கிக் கடைக்கு நடந்தான். "அந்தப் பாலத்துகிட்ட யாராவது நின்னாங்களா?"

பூமாலை டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "உங்க லைட்டுக்கு எதிர்ல எனக்கு எதுவும் தெரியலங்க. இனிமே வந்தா தள்ளி நிறுத்துங்க. கடைக்கு வர்றவங்க திட்டுறாங்க."

மூன்றாவது தடவை டவரின் கேட்டுக்கு வெளியே. மெல்லிய தூறல். விளக்கைப் போடுவதற்கு முன் சுவிட்சில் கைவைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இருட்டில் எதிரே எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தவளைகள் கத்தின. எங்கோ ஒரு நாய் ஊளையிடத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. போட்டான்.

பானட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். தொட்டுவிடும் தூரம். கை முழுக்க இறங்கிவிட்டது. கண் திறந்திருந்தது. அத்தனை வெளிச்சத்தையும் சிமிட்டாமல் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த அவனை மட்டும் பார்த்தது. அந்தப் பார்வையை அறிவுச்செல்வனுக்குத் தெரியும். பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவன், போகிற வண்டியைப் பார்க்கும் பார்வை.

வெளுத்தது. தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு வீடு சேரும்வரை அவன் விளக்கை அணைக்கவே இல்லை. அணைத்தால்தானே மறுபடியும் போட வேண்டும். மதியம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெயிலில் போட்டுவிடுவான். வெயிலில் அந்த ஊதா கண்ணுக்கே தெரியாது. மேலே போய் வேலை முடியும்வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்து நிறுத்திய பிறகுதான் அணைப்பான். டீசலுக்குக் கணக்கு எழுதும் ஒப்பந்தக்காரரின் ஆள், கார் ஏன் சும்மா நின்று ஓடுகிறது என்று கேட்டதற்கு, பேட்டரி வீக் என்று பொய் சொன்னான். வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

இப்படிச் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியாக அவன் மலைக்குப் போனது மழை விட்டிருந்த ஒரு நாள். காலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு மதியத்துக்குமேல் வானம் வெளிவாங்கியிருந்தது. மண்ணிலிருந்து சூடான ஒரு வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. டவரில் ஜெனரேட்டர் இழுக்கவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் வெளியே இருட்டிவிட்டது. அறையின் தகரக் கதவைச் சாத்தி வைத்து வேலை செய்தான். கதவின் இடுக்கு வழியாகக் கார் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே விழுந்து, தரையைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறி நின்றது. கூடவே அந்த மெல்லிய ஊளை. அந்த இரண்டும் இருக்கும்வரை தைரியமாக இருந்தது.

நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது கோடு அணைந்தது. உடனே மறுபடி வந்தது.

விளக்குக்கு முன்னால் யாரோ குறுக்கே போயிருக்கிறார்கள்.

ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி கதவைத் தள்ளினான். ஈசல். மழை விட்ட பூமியிலிருந்து புறப்பட்டு வந்த ஈசல் ஆயிரக்கணக்கில் விளக்குகளை மொய்த்து, கண்ணாடியில் மோதி, றெக்கை உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஈசல் கூட்டம்தான் மறைத்திருக்கும் என்று நினைத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். அறையைப் பூட்டிக் காரில் ஏறினான்.

இறக்கத்தில் கார் வழக்கம்போல இல்லை. முன்பக்கம் கனத்தது. வளைவுகளில் ஸ்டீயரிங் திரும்ப யோசித்தது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுவதுபோல அமுங்கி எழுந்தது. ஈசல் ஒட்டிய கண்ணாடி சூட்டில் பொரிந்து, கருகிய கொழுப்பின் வாசனை ஏசித் துவாரங்கள் வழியாக உள்ளே வந்தது. வெளிச்சத்திலும் ஏதோ குறை. இரண்டு ஓரமும் பளிச்சென்று இருந்தன. நடு ரோட்டில் மட்டும் கொஞ்சம் கம்மி.

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. விளக்கு அணைந்தது.

முழு இருட்டு. பிரேக்கை மிதித்து நிறுத்தினான். எங்கே ரோடு முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. காதில் ஊளை இல்லை. என்ஜின் சத்தத்துக்கு அடியில் தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தான். போட வேண்டும். போட்டால் ஊதா வரும். போடாமலும் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

ஊதா எழுந்தது. ரோடு காலியாக இருந்தது. பாறை. புல். வளைவின் வெள்ளைக் கல். யாரும் இல்லை. பானட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. ஓரத்தில் யாரும் இல்லை. வெளுத்து வெள்ளையாகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தான். யாரும் இல்லை.

போய்விட்டான். அறிவுச்செல்வனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.

அடுத்த வளைவுக்குக் கீழே ஒரு டிவிஎஸ் எதிரே ஏறி வந்தது. பின்னால் சாக்குமூட்டை கட்டியிருந்தது. ஓட்டிவந்தவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தபடி வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். அறிவுச்செல்வன் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் இறங்கி, தடுமாறி, காரின் பக்கவாட்டில் வந்து ஜன்னலைத் தட்டினார். நடுத்தர வயது. முகமெல்லாம் கோபம்.

"இன்னாயா நெனச்சிக்கினு வண்டி ஓட்ற? கண்ணுல அடிக்கிறது போதாதுன்னு முன்னாடி ஒரு ஆள வேற உக்கார வச்சிக்கினு எறங்குற."

"யார?"

"பம்பர் மேல உக்காந்துக்கினு வர்றானே, அவனத்தான். ரெண்டு லைட்டுக்கும் நடுவுல. வுழுந்தான்னா உன் சக்கரத்துக்குக் கீழதான் போவான். மனுசன ஏத்துற எடமா அது?"

அவர் காரின் முன்பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் கூசாது. பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"எங்க போனான்?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஜன்னலிலிருந்து மெல்லக் கையை எடுத்தார். "இப்ப இருந்தானே."

பிறகு அவசரமாகப் போய் டிவிஎஸ்ஸில் ஏறினார். மூட்டை ஒருபக்கம் சரிந்து தொங்கியதைக்கூடச் சரிசெய்யாமல் மேலே போய்விட்டார்.

அறிவுச்செல்வன் செல்போன் வெளிச்சத்தோடு இறங்கினான். முன்னால் போகவில்லை. பக்கத்தில் நின்றே சாய்ந்து பார்த்தான். முன்பக்கம் முழுக்க ஈசல் றெக்கை ஒட்டியிருந்தது. விளக்குக் கண்ணாடியில், பானட்டின் நுனியில், நம்பர் பலகையில், பம்பரின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைப்படலமாக ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் இல்லை. ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குத் துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

பானட்டின் மேல் இரண்டு உள்ளங்கை அளவுக்குச் சுத்தம். பத்து விரல்.

விரல்கள் அவன் உட்காரும் பக்கம் பார்த்து நீண்டிருந்தன.

வெளியே நோக்கி உட்கார்ந்து வரவில்லை. இவ்வளவு தூரமும் அவனைப் பார்த்தபடி வந்திருக்கிறது.

எப்படி ஏறி உட்கார்ந்தான், எப்படி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. பானட்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. நடுவில் அந்தக் கம்மி வெளிச்சம் கூடவே வந்தது. அணைக்குப் பக்கத்தில் செக்போஸ்ட். குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. காவலர் வழக்கமாக வந்து எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்பார். இன்று டார்ச்சோடு எழுந்து வந்தவர் பாதி வழியில் நின்றார். காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்துபோய்க் கட்டையைத் தூக்கினார். அவன் கடந்துபோகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்கு வந்தபோதுதான் மூச்சு வந்தது. டியூப்லைட்டுகள். பரோட்டாக் கல்லில் கரண்டி கொத்தும் சத்தம். டாஸ்மாக் பக்கம் யாரோ இருவரின் சண்டை. பேருந்துக்கு நிற்கும் பெண்கள். கடைகளின் வெளிச்சத்துக்குக் கீழே காரை நிறுத்தி, அத்தனை பேர் நடுவில் துணிந்து விளக்கை அணைத்தான். டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கினான். முன்பக்கத்தில் ஊற்றி, பழைய துணியால் அழுத்தித் தேய்த்தான். றெக்கைகள் கூழாகி வழிந்தன. விரல் தடமும் போயிற்று. டியூப்லைட் வெளிச்சத்தில் அது வெறும் பழைய காரின் வெறும் மூக்கு. ரேடியேட்டர் சூட்டில் நடுவில் மட்டும் ஒட்டாமல் போயிருக்கும் என்று தோன்றியது. டவர் பக்கம் விளையாடும் பசங்கள் யாராவது கை வைத்திருப்பார்கள். டிவிஎஸ்காரர் குடித்திருக்கலாம். அவர் வாயில் வாசனை வந்ததா? வந்ததுபோலத்தான் இருந்தது.

பிரவீன்குமாருக்குப் போன் செய்தான்.

"காலையில வர்றேன். அந்த லைட்ட கழட்டிடு."

"ஏண்ணா, எரியலயா?"

"எரியுது. கழட்டிடு."

"மஞ்ச பல்பு மறுபடி போட்டா மலையில தடவிக்கினுதான் போவணும். நீங்கதான சொன்னீங்க."

"தடவிக்கினே போறேன்."

பிரவீன்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதில் அறிவுச்செல்வனுக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது. மகள் எழில்மதிக்கு ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கினான். காரில் ஏறி விளக்கைப் போட்டான். ஊதா, கடைத்தெரு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் அவன் தினமும் பார்க்கும் முகங்கள். ஒன்றிரண்டு பேர் திட்டினார்கள். வெளுத்தது. காரின் முன்பக்கம் லேசாக இருந்தது. ஸ்டீயரிங் கையில் விளையாடியது.

வடக்கனந்தல் தாண்டி மண்பாதையில் திரும்பினான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குமேல் கரும்பு. தோகை இலை காரின் பக்கங்களில் உரசி உரசி விலகியது. ஈரக் கரும்பின் பச்சை வாசனை. பாதையின் கடைசியில் வீடு. அவன் வரும் நேரம் என்பதால் கேட் திறந்து கிடந்தது. உள்ளே டிவி ஓடும் சத்தம். சமையலறை ஜன்னலில் வெளிச்சம். வாசலுக்கு நேராக, சுவரைப் பார்த்து நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். விளக்கை அணைக்கச் சுவிட்சுக்குக் கை போயிற்று.

இடது பக்கம் கரும்பின்மேல் ஒரு நிழல் விழுந்தது.

வலது பக்கம் கரும்பின்மேல் இன்னொன்று.

மிகப் பெரிய நிழல்கள். கரும்பைவிட உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் அசைந்தன. ஒரே நேரத்தில் கால் எடுத்து வைத்தன. கரும்பைவிட்டு வீட்டுச் சுவரில் ஏறின. நடுவில் இருந்த கதவை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் நடந்தன.

அவனுக்கு அது புரிந்தது. இரவில் விளக்கை எரியவிட்டு இறங்கி வாசலுக்கு நடக்கும்போது அவன் நிழலும் இப்படித்தான் விழும். இரண்டு விளக்குக்கு இரண்டு நிழல். சுவரை நெருங்க நெருங்கச் சிறுத்து, ஒன்றாகும்.

ஆனால் அவன் காருக்குள் இருந்தான்.

காருக்கும் சுவருக்கும் நடுவில் ஈர மண் மட்டும் இருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

நிழல்கள் சிறுத்தன. நெருங்கின. ஆள் உயரத்துக்கு வந்தன. கதவின்மேல் ஒன்றாயின.

கதவு திறந்தது.

செந்தமிழ்ச்செல்வி வெளிச்சத்தில் முகத்தைச் சுளித்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்தாள். அவளுக்கு நேர் எதிரில் எதையோ பார்த்தாள்.

"இன்னாங்க, லைட்ட அணைக்காமயே எறங்கி வந்துட்டீங்க? கண்ணு கூசுது."

அறிவுச்செல்வன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"இப்டி நனைஞ்சிக்கினு வந்திருக்கீங்களே. சட்ட எங்க? உள்ள வாங்க மொதல்ல."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நிழல் நிலைப்படியில் ஏறியது. உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே எழில்மதியின் குரல். "அப்பா."

அவன் காரைவிட்டு விழுந்து எழுந்து ஓடினான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. படியில் ஏறிக் கதவைத் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். தொண்டைக்குள் காற்று மட்டும் போய்வந்தது.

டிவி சத்தம் நின்றது.

"வெளிய யாரோ கதவத் தட்றாங்க," என்றாள் செந்தமிழ்ச்செல்வி, உள்ளே யாரிடமோ. "இன்னான்னு போய்ப் பாருங்க."

நாற்காலி நகர்ந்தது. காலடி. ஈரமான காலடி. கதவை நோக்கி வந்தது.

தட்டுவதற்காகத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அவனுக்குப் பின்னால் கார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கதவு மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் அதன் முன்னால், அதைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தான். அதில் அவன் நிழல் இல்லை.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.